கல்யாணத்துக்கு வந்தவரைக் கவனிப்பது எப்படி: நோட்டு போடுவதிலிருந்து போட்டோ அனுப்புவது வரை

“போனோம், மொய் எழுதினோம், சாப்பிட்டோம், வந்துட்டோம். ஒருத்தரும் கண்டுக்கல.” எந்தக் கல்யாணம் முடிந்தாலும் மறுநாள் ஏதாவது ஒரு வீட்டில் இந்தப் பேச்சு ஓடும். சொல்பவருக்குச் சாப்பாட்டில் குறை இருக்காது, மண்டபத்தில் ஏசி கூட இருந்திருக்கும். ஆனால் அவரை இன்னார் என்று தெரிந்த ஒரு ஆள் அவர் பக்கத்தில் வந்து இரண்டு வார்த்தை பேசவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

இதற்குப் பெண்ணையோ பிள்ளையையோ பெற்றவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. 700 பேர் வரும் ரிசப்ஷனில் தலைக்கு ஒரு நிமிஷம் பேசினாலே கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆகிவிடும். அவர்களால் முடியாது. ஆனால் வருகிற ஒவ்வொருவரையும் நன்றாகத் தெரிந்த யாரோ ஒருவர் நம் பக்கத்தில் நிச்சயம் இருப்பார், அத்தையோ மச்சானோ எதிர்வீட்டு அக்காவோ. அவரைச் சரியான நேரத்துக்குச் சரியான இடத்தில் நிற்க வைத்துவிட்டால் போதும். ஒரு நோட்டும், பொறுப்பு எடுத்துக்கொள்ள ஏழெட்டு உறவுக்காரர்களும் இருந்தால் இது நடக்கும். பூ அலங்காரத்துக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட ஆகாது.

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர் பக்கத்துக் கல்யாணங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா எதற்கும் அளவைக் குறைத்துக்கொண்டு பயன்படுத்தலாம்.

முதலில் நோட்டு

பத்திரிகை வைக்க வேண்டியவர்கள் பட்டியலை எல்லா வீட்டிலும் எழுதுகிறோம். ஊர் வாரியாக எழுதுவதுதான் வழக்கம்: ஆற்காடு, குடியாத்தம், வாணியம்பாடி, சித்தூர், பெங்களூர், சென்னை என்று. பேருக்கு நேராக ‘வைத்தாச்சு’ என்று ஒரு டிக். அதோடு அந்த நோட்டின் வேலை முடிந்துவிடுகிறது. அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

ஒவ்வொரு பேருக்கும் நேராக இன்னும் மூன்று விஷயம் எழுதுங்கள். எந்த வழியில் உறவு அல்லது பழக்கம். நம் வீட்டில் யாருக்கு அவர் முகம் தெரியும். அவரைப் பற்றி நினைவில் வைக்க வேண்டியது ஒன்று. இந்த மூன்றாவதுதான் பொன் மாதிரி. மாமாவுக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாது. அந்த அக்கா வீட்டில் போன மாசம் ஒரு சாவு. இவர் மகளுக்கு இப்போதுதான் வேலை கிடைத்திருக்கிறது. அவருக்குச் சர்க்கரை. இவர் தனியாகத்தான் வருவார், வீட்டம்மா தவறிவிட்டார்.

எழுத உட்காரும்போது வீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், தாய் வழியில் ஒருவர், தகப்பன் வழியில் ஒருவர். ஆயா ஒருவர் நல்ல நினைவோடு இருந்தால் அந்த வீடு கொடுத்து வைத்தது. யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, யாரை யார் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர் வாயிலிருந்துதான் வரும்.

பழைய டைரிகளில் முகவரி எடுத்தால் பாதி ‘வ.ஆ. மாவட்டம்’ என்றே இருக்கும். வட ஆற்காடு 1989-இல் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019-இல் மறுபடி பிரிந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. முகவரியைப் புதுப்பிக்கும்போது ஊர்ப் பேரையும் தெளிவாக எழுதுங்கள். சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. பத்திரிகையில் வெறுமனே ‘திருப்பத்தூர்’ என்று போட்டால், தென்மாவட்டத்து நண்பர் மேப்பில் தேடி வேறு எங்கோ போய் நிற்பார்.

அழைக்கும் விதம்

நேரில் போய்த் தட்டில் வெற்றிலை பாக்கோடு மஞ்சள் தடவிய பத்திரிகையை வைத்து அழைப்பதற்கு ஈடு கிடையாது. எல்லோர் வீட்டுக்கும் போக முடியாது என்பதும் நிஜம். பங்காளிகள், தாய்மாமன் வீடு, கட்டிக்கொடுத்த பெண்களின் மாமியார் வீடு, இந்த மூன்று இடத்துக்கும் நேரில்தான் போக வேண்டும், இதில் பேரமே கிடையாது. மகளுக்குப் பத்திரிகை கொடுத்துவிட்டால் அவள் மாமியாருக்கும் சேர்த்துக் கொடுத்த மாதிரிதான் என்று நினைப்பவர்கள் அப்புறம் அந்தப் பெண் என்னென்ன பேச்சு வாங்குகிறாள் என்று விசாரித்துப் பார்க்கலாம்.

நேரில் போக முடியாத இடங்களுக்கு முதலில் போன், பிறகு வாட்ஸ்அப். வரிசை முக்கியம். படத்தை மட்டும் அனுப்பிவிட்டு விட்டால், ஊருக்கெல்லாம் அனுப்பியதில் நமக்கும் ஒன்று என்று எடுத்துக்கொள்வார்கள். பேசி முடித்து அனுப்பினால் அதே படம் பத்திரிகை ஆகிவிடும்.

உறையின் மேல் பேரை முழுதாக, இனிஷியலோடு எழுதுங்கள். வீட்டம்மா பேர் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். நாற்பது வருஷமாக ‘குடும்பத்தார்’ ஆகவே இருந்த ஒரு பெரியம்மா தன் பேரை உறையில் பார்த்தால் அதை எடுத்து வைத்துக்கொள்வார்.

அழைக்கும்போதே “எப்படி வர்றீங்க? யார் யார் வர்றீங்க?” என்று கேட்டுவிடுங்கள். பதிலை அன்றைக்கே நோட்டில் ஏற்றிவிட வேண்டும், நாளைக்கு மறந்துவிடும்.

வந்து சேரும் வழி

வெளியூர் விருந்தாளிக்கு நம் மேல் உள்ள அபிப்பிராயம் மண்டபத்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ரயிலில் வருபவர் காட்பாடி சந்திப்பில் இறங்க வேண்டும். வேலூர் கன்டோன்மென்ட் என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, அது காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகிற பாதையில். பேரில் வேலூர் இருக்கிறதே என்று அதற்கு டிக்கெட் தேடிக் குழம்பியவர்கள் உண்டு. பஸ்ஸில் வருபவர்களிடம், பஸ் ஊருக்குள் வருமா, நெடுஞ்சாலையிலேயே இறக்கிவிடுமா என்று ஏறும்போதே கேட்கச் சொல்லுங்கள். இரவு பதினோரு மணிக்குப் பைபாஸில் பெட்டியோடு நிற்க வைத்த கல்யாணத்தை எந்தச் சாப்பாடும் ஈடு கட்டாது.

லொகேஷன் அனுப்புவதோடு, ஆட்டோக்காரருக்குச் சொல்லப் பக்கத்து அடையாளம் ஒன்றையும் நியாயமான ஆட்டோ கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். கட்டணத்தைச் சொல்வது சின்ன விஷயம்தான், ஆனால் ஊர் தெரியாதவருக்கு அது பெரிய தைரியம்.

தங்க வைப்பதானால் அறைகளைச் சீக்கிரம் பிடித்துவிடுங்கள். சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வரும் நோயாளிகளும் அவர்கள் குடும்பமும் வாரக்கணக்கில் தங்கியிருப்பார்கள். கடைசி நேரத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது. இன்னொன்றும் உண்டு. வேலூருக்கு வருகிறோமே என்று கையோடு ஆஸ்பத்திரியில் காட்டிக்கொண்டு போக நினைக்கும் உறவுக்காரர்கள் இருப்பார்கள். கூச்சப்பட்டுக் கேட்க மாட்டார்கள். “டாக்டர் யாரையாவது பார்க்கணுமா? நம்ம பையன் ஒருத்தன் கூட வருவான்” என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு கேள்வியை அவர்கள் ஆயுசுக்கும் மறக்க மாட்டார்கள்.

வைகாசி, ஆனி முகூர்த்தம் என்றால் வெயிலையும் ஒரு விருந்தாளியாகக் கணக்கில் சேர்க்க வேண்டும். மே மாதத்தில் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. வாசலிலேயே மோரோ பானகமோ வையுங்கள். வெல்கம் டிரிங்க் என்று கலர் தண்ணீர் வேண்டாமே.

வாசலில் யார் நிற்பது

பெரும்பாலான மண்டபங்களில் வாசல் மேசையில் நிற்பது பட்டுப்பாவாடை கட்டிய சின்னப் பெண்கள். பன்னீர் தெளிப்பார்கள், கற்கண்டு நீட்டுவார்கள், சிரிப்பார்கள். அழகுதான். ஆனால் வருகிறவர் யாரென்று அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாது. அவர்களுக்கு ஓரடி பின்னால் இரண்டு பெரியவர்களை நிறுத்துங்கள், மறுபடியும் தாய் வழியில் ஒருவர், தகப்பன் வழியில் ஒருவர். “வாங்க, குடியாத்தத்துப் பெரியம்மா சம்பந்திதானே நீங்க? போன தடவை பார்த்தப்போ கால்ல கட்டு போட்டிருந்தீங்க, இப்ப எப்படி இருக்கு?” வரவேற்பு என்பது இதுதான். முகூர்த்தத்துக்கு விடிகாலையில் வருகிறவர்களுக்கு ஒரு ஜோடி, மாலை ரிசப்ஷனுக்கு வேறு ஜோடி. ஒரே ஆளை நாள் முழுக்க நிறுத்தினால் அவரும் மனிதர்தானே, சலித்துப் போவார்.

முகம் தெரிகிறது, பேர் வரவில்லை என்றால்? “என்னைத் தெரியுதா?” என்று கேட்டு ஆளை மடக்கிப் பார்ப்பது நம் பெரியவர்களுக்கு ஒரு விளையாட்டு. தெரிந்த மாதிரி தலையாட்டி மாட்டிக்கொள்வதை விட, “முகம் நல்லாத் தெரியுது மாமா, எந்த வழின்னு மட்டும் எடுத்துக் கொடுங்க” என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவது மேல். கேட்டதற்கு யாரும் கோபித்துக்கொள்வதில்லை. தவறான பேர் சொன்னால்தான் வம்பு.

பொறுப்பு எடுத்துக்கொண்டவர்களை மட்டும் வைத்து ஒரு வாட்ஸ்அப் குழு வையுங்கள். வாசலில் இருப்பவர் “பெங்களூர் சித்தப்பா வந்தாச்சு, நாலாவது வரிசை, ஃபேன் பக்கம்” என்று ஒரு வரி போட்டால், உள்ளே இருக்கும் அவர் வழி உறவுக்காரர் அஞ்சு நிமிஷத்தில் அவர் நாற்காலிக்குப் போய்விட வேண்டும். பேப்பரில் எவ்வளவு திட்டம் போட்டாலும் நடக்கிற இடம் இந்தக் குழுதான்.

இனி, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. சந்தனம், குங்குமம், பூ இருக்கும் தட்டு. கணவரை இழந்த ஒரு பெண் உள்ளே வருகிறார். தட்டை வைத்திருக்கும் பெண்ணின் கை ஒரு நொடி தயங்குகிறது, அல்லது தட்டைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கிறது. அவருக்கு அது போதும், அத்தோடு கல்யாணம் முடிந்தது. அதனால் அந்தக் குழந்தைகளுக்கு முந்தின நாளே சொல்லி வையுங்கள்: யாருக்கும் நாமாக வைத்துவிட வேண்டாம், எல்லோருக்கும் ஒரே மாதிரி தட்டை நீட்டுங்கள், வேண்டியதை அவரவர் எடுத்துக்கொள்ளட்டும். முஸ்லிம், கிறிஸ்தவ நண்பர்கள் வரும்போதும் இதே முறைதான் சுகம். நெற்றியில் வைக்கிற கையை விலக்க வேண்டிய தர்மசங்கடம் அவர்களுக்கு வராது. கற்கண்டு எடுத்துக்கொண்டு சிரித்தபடி உள்ளே போவார்கள்.

உள்ளே, ஒருவரை ஒருவரோடு சேர்த்துவிடுவது

கூட்டமாக வருபவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவர்களே பேசிக்கொள்வார்கள். தனியாக வருபவர்தான் கவனம். ஆபீஸ் நண்பர், பழைய வாத்தியார், அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர். இவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள்.

இவர்களை இன்னொருவரிடம் அழைத்துப் போய்ப் பேரை மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். பேச ஒரு நூல் கொடுங்கள். “இவரும் ராணிப்பேட்டை சிப்காட்டில்தான் இருந்தார், நீங்க இருந்த காலத்துக்குக் கொஞ்சம் பின்னாடி.” “சார் கம்மவான்பேட்டை. மாமா, உங்க ரெஜிமென்ட்டான்னு கேளுங்க.” வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. அப்படி ஒரு நூல் கிடைத்துவிட்டால் அப்புறம் அவர்களைப் பந்திக்குக் கிளப்புவதுதான் கஷ்டம்.

எல்லைப் பக்கம் என்பதால் தெலுங்கு பேசும் உறவும் உருது பேசும் சினேகிதமும் இல்லாத வீடு இங்கே குறைவு. சித்தூரிலிருந்து வரும் அத்தைக்குத் தெலுங்கில் நாலு வார்த்தை பேச ஒரு ஆள், வாணியம்பாடி நண்பரின் அம்மாவுக்கு உருதுவில் பேச ஒரு ஆள். நோட்டில் குறித்துவிட்டால் ஆள் கிடைத்துவிடுவார்.

ரிசப்ஷன் மேடை வரிசையைப் பற்றி ஒன்றே ஒன்று. எழுபது வயதுக்காரரை ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். மேடை ஏறும் முன் பெண்ணும் மாப்பிள்ளையும் கீழே முதல் இரண்டு வரிசைகளைச் சுற்றி வந்து பெரியவர்கள் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிவிடட்டும், போட்டோக்காரரும் கூடவே போகட்டும். மேடையில் மாப்பிள்ளை காதில் “இவர் உங்க அப்பாவோட முதல் முதலாளி” என்று சொல்ல ஒரு மச்சான் நின்றால் இன்னும் நல்லது.

பந்தி

மற்றதெல்லாம் சுமாராக நடந்தாலும் பந்தியில் சரிக்கட்டிவிடலாம். பந்தியில் விட்டதை வேறு எங்கேயும் பிடிக்க முடியாது.

பரிமாறுவது கேட்டரிங் பையன்கள் வேலை. விசாரிப்பது வீட்டு ஆள் வேலை. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் இப்போது பல பந்திகளில் விசாரிக்க ஆளே இருப்பதில்லை. ஒரு பந்திக்கு இரண்டு பேராவது நடந்துகொண்டே இருக்க வேண்டும். “நல்லா சாப்பிடுங்க, நல்லா சாப்பிடுங்க” என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு ஓடுவது விசாரிப்பு ஆகாது. இலையைப் பார்க்க வேண்டும். ரசத்துக்குச் சோறு இல்லாமல் காத்திருப்பவர், கூட்டு தீர்ந்து கேட்கக் கூச்சப்படுபவர், ஸ்வீட்டைத் தள்ளி வைத்திருக்கும் சர்க்கரைக்காரர். அவருக்கு இன்னொரு வடையோ ஒரு கப் மோரோ கொண்டுவரச் சொன்னால், நீங்கள் பேச வேண்டியதே இல்லை.

வெளியூர்க்காரர் இலையில் நம் ஊர்ப் பொருள் ஏதாவது இருந்தால் சொல்லிக் கொடுங்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயில் செய்த எண்ணெய்க் கத்திரிக்காயைச் சும்மா வைத்தால் அது ஒரு பொரியல் வரிசைப் பொருள். “இது எங்க ஊர்க் காய், காம்புல முள்ளு இருக்கும், வெளியில அவ்வளவா கிடைக்காது” என்று சொல்லி வைத்தால் அவர் ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை.

மறுநாள் கறி விருந்து வைப்பவர்கள், சீரகச் சம்பா பிரியாணி போடுபவர்கள் ஒரு விஷயம் பாருங்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்குக் கடைசி மூலையில் தயிர்சாதம் ஒதுக்கி வைப்பது தண்டனை மாதிரி இருக்கும். அவர்களுக்கும் வீட்டு ஆள் ஒருவர் உட்கார்ந்து கம்பெனி கொடுக்க வேண்டும். முஸ்லிம் விருந்தாளிகள் இருந்தால், கறி ஹலால் என்று முன்கூட்டியே உறுதி செய்து, வந்ததும் அவர்கள் கேட்காமலே காதோடு சொல்லிவிடுங்கள். கேட்கவும் முடியாமல் சாப்பிடவும் முடியாமல் பாயாசத்தோடு எழுந்து போக வேண்டாம்.

சாப்பிடுபவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் வந்து நிற்கும் வழக்கத்தை ஒழித்தாலே பாதி நிம்மதி. பந்திக் கதவில் ஒரு ஆளை வைத்து, எழுந்தவுடன் அனுப்பலாம். வெளியே காத்திருக்க நாற்காலி போட்டு வையுங்கள்.

கடைசிப் பந்தியைக் காப்பாற்றுங்கள். வேலை முடித்து லேட்டாக வந்தவர், இவ்வளவு நேரம் நமக்காக ஓடிக்கொண்டிருந்த சொந்தங்கள், இவர்கள்தான் அதில் உட்காருவார்கள். “வடை தீர்ந்துடுச்சு” என்பது அவர்களுக்கு வரக் கூடாது. முதல் பந்தி தொடங்கும் முன்பே சமையல்காரரிடம் சொல்லி ஐம்பது இலைக்கு எல்லா அயிட்டமும் தனியாக எடுத்து மூடி வைத்துவிடுங்கள்.

அப்புறம் கார் டிரைவர்கள், வேன் டிரைவர், நாதஸ்வரக் குழு, பாத்திரம் கழுவும் அம்மாக்கள். வாசலில் இருக்கும் ஒருவர் டிரைவர்களைத் தேடிப் போய் அழைத்து வந்து, எல்லோரோடும் சேர்த்துப் பந்தியில் உட்கார வைக்க வேண்டும். பார்சல் கொடுத்து அனுப்புவது கவனிப்பு இல்லை. டிரைவர் சாப்பிட்டாரா என்று நினைத்துக்கொண்டே சாப்பிடும் விருந்தாளியின் வயிறும் அப்போதுதான் நிறையும்.

மொய் மேசை

பந்தி முடிந்து வெளியே வரும் வழியில் நட்டநடுவே மொய் மேசை போடுவது பள்ளிகொண்டா டோல்கேட் மாதிரி இருக்கிறது. பக்கவாட்டில், எழுத நினைப்பவர் தேடிப் போகும் தூரத்தில் போடுங்கள். கையில் பணம் இல்லாமல் பாசத்துக்காக வந்தவர் இருப்பார், அவர் தலை குனியாமல் வெளியே போக வழி இருக்க வேண்டும். மைக்கில் தொகையை வாசிப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை, வழக்கம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். எழுத உட்காருபவர் ஊரும் பேரும் தெரிந்தவராக இருந்தால், “எந்த ஊரு? பேரு என்ன? இனிஷியல்?” என்ற விசாரணை பாதியாகக் குறையும்.

அனுப்பி வைப்பது

தாம்பூலப் பை கொடுக்குமிடத்திலும் ஒரு தெரிந்த முகம் வேண்டும். கேள்வி இரண்டே: சாப்பிட்டீங்களா, எப்படிப் போறீங்க. இரண்டாவதுதான் முக்கியம். இரவு ரிசப்ஷன் முடிந்து காட்பாடி போக வேண்டியவர்கள், குடியாத்தம் பஸ் பிடிக்க வேண்டியவர்கள் என்று நோட்டில் இருக்கிறதே, அதைப் பார்த்து ஒரே பக்கம் போகிறவர்களை ஒரே காரில் சேர்த்துவிடுங்கள். வழியில் பேசிக்கொண்டே போய்ப் புதிதாக ஒரு சினேகிதம் உண்டாகவும் இடம் இருக்கிறது.

பையில் ஆற்காடு மக்கன் பேடா போட ஆசைப்படுபவர்கள் நிறைய. நல்ல யோசனை, நம் பக்கத்து இனிப்பு. ஆனால் அது பாகில் ஊறியது. பாலித்தீன் உறையில் போட்டுத் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்தால் ஊர் போய்ச் சேர்வதற்குள் பட்டுப் புடவையெல்லாம் பாகாகிவிடும். இறுக்கமான மூடி உள்ள டப்பா வாங்குங்கள், இல்லையென்றால் மைசூர்பாகோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வர முடியாதவர்களுக்கும் பை போக வேண்டும். படுக்கையில் இருக்கும் தாத்தா, துக்க வீடு என்பதால் தானாகவே ஒதுங்கிய அக்கா. பக்கத்து வீட்டுக்காரர் யார் வந்திருக்கிறார் என்று பார்த்து அவர் கையில் கொடுத்து விடுங்கள். அக்காவிடம் அன்று மாலை போனில் ஒரு வார்த்தையும் பேசிவிடுங்கள்.

முடிந்த பிறகு பத்து நாள்

அசதியில் எல்லோரும் விட்டுவிடும் பகுதி இது. வெளியூர்க்காரர்களுக்கு மறுநாளே “வீடு போய்ச் சேர்ந்தீங்களா?” என்று ஒரு போன். இதை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாம், ஆளுக்குப் பத்துப் பேர்.

போட்டோ வந்ததும் மொத்த ஆல்பத்தின் லிங்க்கைக் குழுவில் தள்ளிவிடாதீர்கள், ஆயிரத்து ஐந்நூறு படத்தில் தன்னைத் தேட யாருக்குப் பொறுமை? ஒருவருக்கு ஒரு படம், அவர் இருக்கிற படம், அவர் நம்பருக்குத் தனியாக. மேடைப் படத்தை விட, பந்தியில் சிரித்துக்கொண்டிருப்பதும் யாரோடோ பேசிக்கொண்டிருப்பதும் நன்றாக இருக்கும். இதற்காகவே போட்டோக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போது, கீழே உட்கார்ந்திருப்பவர்களையும் எடுக்க ஒரு ஆள் வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வந்தவர்களுக்கு முதலில் அனுப்புங்கள், அவர்களைப் படம் எடுக்கக் கூட வந்தவர் யாரும் இல்லை.

கடைசியாக அந்த நோட்டு. யார் வந்தார், யார் வரவில்லை, ஏன் வரவில்லை, யார் பந்தியில் இறங்கி வேலை செய்தார், யார் யாரோடு புதிதாகப் பழகினார் என்று ஒரு மாலை உட்கார்ந்து எழுதி, மொய் நோட்டோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்த மாசம் அவர்கள் வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை வரும்போது இரண்டு நோட்டையும் எடுத்துப் பாருங்கள். எவ்வளவு எழுத வேண்டும் என்பது மொய் நோட்டில் இருக்கும். போய் என்ன பேச வேண்டும் என்பதற்கு மற்றது.